உங்களுக்குத் தெரியுமா? – பீங்கானிலிருந்து பெருஞ்சுவர் வரை

மாவடிப்பள்ளியிலிருந்து சீனாவுக்குப் போகிறவர்கள் என்றால் சாமான் எடுக்கப் போகும் வியாபாரி, இல்லாவிட்டால் படிக்கப் போகும் பிள்ளை. பார்ப்பதற்கென்றே போனவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. கல்முனையில் கடை வைத்திருக்கும் என் மச்சான் குவாங்சோவுக்குப் பல நடை போய் வந்தவர். "அங்க என்ன மச்சான் பாத்த?" என்று கேட்டால், "ஸ்டோர் பாத்தன், கொன்டெய்னர் பாத்தன். வேற என்ன இரிக்கி?" என்பார். இந்தப் பத்தி அவருக்காக எழுதியது. மற்றவர்களும் வாசிக்கலாம்.

வீட்டுக்குள் இருக்கும் சீனா

சோறு போட்டுத் தின்னும் பீங்கானுக்குப் பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது என்பார்கள். சாமான் வந்தது சீனாவிலிருந்து. தேத்தண்ணிக்குப் போடும் சீனியும் பெருநாளைக்குப் பிள்ளைகள் கொளுத்தும் சீனவெடியும் அந்த நாட்டின் பெயரைச் சுமந்துகொண்டே புழங்குகின்றன. சிலம்படியோடு சேர்த்து நம் பெரியவர்கள் பேசும் சீனடியைச் 'சீனத்து அடி' என்று பிரித்துப் பொருள் சொல்கிறவர்களும் உண்டு. பேருவளையில் மாணிக்கக் கல் வியாபாரத்துக்குப் பேர்போன முஸ்லிம் ஊரின் பெயரோ சீனன்கோட்டை.

மச்சானுக்கு ஒரு ஜும்ஆ

குவாங்சோவில் வசந்தத்துக்கு ஒன்றும் இலையுதிர் காலத்துக்கு ஒன்றுமாக 1957 முதல் பெரிய வர்த்தகச் சந்தை கூடுகிறது. மச்சான் போவதும் அதற்குத்தான். அதே நகரத்தில்தான் ஹுவாய்ஷெங் பள்ளிவாசல் இருக்கிறது. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்கள் கட்டியது என்பது சீன முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வரலாறு. அதற்குச் சான்று இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். சான்று கேட்காமலே பார்க்கக்கூடியது அங்குள்ள மினாரா. சுமார் 36 மீற்றர் உயரம், வழுவழுவென்ற உருளை. அதன் சீனப் பெயருக்கு 'ஒளிக் கோபுரம்' என்று பொருள். ஆற்றில் வரும் கப்பல்களுக்கு விளக்குக் காட்டிய கோபுரம் அது. இன்று ஆறு தள்ளிப் போய்விட்டது, கோபுரத்தைச் சுற்றிக் கட்டடங்கள்தான்.

குப்பா இல்லாத பள்ளி

சிஆன் நகரத்துப் பெரிய பள்ளிவாசலுக்குள் தெரியாமல் நுழைந்தால் பௌத்த கோயிலுக்குள் வந்துவிட்டோமோ என்று திகைப்பீர்கள். குப்பா கிடையாது. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு முற்றங்கள், மர வளைவுகள், நுனி வளைந்த ஓட்டுக் கூரைகள். மினாரா எங்கே என்று தேடினால், எண்கோண வடிவில் அடுக்கு அடுக்காக நிற்கும் மர மண்டபம் ஒன்றைக் காட்டுவார்கள். அதன் பெயருக்கு 'உள்ளத்தை ஆராயும் மாடம்' என்று பொருள் வரும்.

பள்ளியின் தொடக்கம் 742 என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. இப்போது நிற்கும் கட்டடங்களின் அடிப்படை 1392 ஆம் ஆண்டு மிங் காலத்தது. சீனாவில் கோயிலும் அரண்மனையும் வழக்கமாகத் தெற்கு நோக்கியே நிற்கும். இந்தப் பள்ளி மட்டும் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. காரணம் நமக்குத் தெரிந்ததுதான்: அங்கிருந்தும் கிப்லா மேற்கே.

தொழுகை மண்டபத்தின் உட்சுவர்களில் மரப் பலகைகளில் குர்ஆன் வசனங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சுற்றுலாக் கூட்டம் அதை வாசலில் நின்று எட்டிப் பார்க்க மட்டும்தான் முடியும், முஸ்லிம் அல்லாதவர்களை மண்டபத்துக்குள் விடுவதில்லை. கமராவைத் தூக்கிக்கொண்டு உலகமே வெளியில் நிற்க, மாவடிப்பள்ளிக்காரர் ஒருவர் ஸலாம் சொல்லிவிட்டு உள்ளே போய் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வரலாம்.

ஆணமும் ரொட்டியும்

அந்தப் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் 'யாங்ரோ பாவ்மோ' விற்கிறார்கள். முதலில் வெறுங் கோப்பையும் ஒரு கெட்டி ரொட்டியும் தருவார்கள். நீங்களே உட்கார்ந்து ரொட்டியைச் சிறு சிறு துண்டாகப் பிய்த்துக் கோப்பையை நிரப்பிக் கொடுக்க வேண்டும். அடுப்படிக்குப் போய் ஆட்டிறைச்சி ஆணத்தோடு அது திரும்பி வரும். பெரிதாகப் பிய்த்தால் ஊறாது. ரொட்டியை ஆணத்தில் ஊறப்போட்டே வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஹலால் கடையைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு சீனச் சொல் போதும்: 'ச்சிங்ஜென்'. தூய்மையும் உண்மையும் என்று பொருள். பச்சைப் பலகையில் இந்த இரண்டு எழுத்துகளையும் காணலாம், பக்கத்தில் முன்பெல்லாம் பெரும்பாலும் அரபு எழுத்தும் இருந்தது. அந்தப் பலகையோடு லான்ஜோ மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைகள் சீனாவின் அநேகமாக எல்லா நகரங்களிலும் உண்டு.

பெண்களுக்கென்றே

ஹெனான் மாகாணத்துக் கைஃபெங் நகரில் 1820 இல் எழுந்த பெண்கள் பள்ளிவாசல் ஒன்று இன்றும் இருக்கிறது. பெண்கள் தொழுவதற்கு ஒதுக்கிய அறை என்று நினைத்துவிடாதீர்கள். முழுப் பள்ளியும் பெண்களுடையது. நடத்துகிறவரும் 'ஆஹோங்' என்ற பட்டத்தோடு ஒரு பெண்தான். நம் ஊரில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் விவாதம் இஷாவைத் தாண்டும்.

கிணறு வெட்ட…

1974 மார்ச் மாதம். வரட்சி. சிஆனுக்குப் பக்கத்தில் சில விவசாயிகள் கிணறு தோண்டினார்கள். தண்ணீருக்குப் பதிலாக மண்பொம்மைத் தலை ஒன்று வந்தது. சீனாவை முதலில் ஒன்றாக்கிய சின் ஷி ஹுவாங் பேரரசனின் கல்லறைக்குக் காவலாகப் புதைத்த சுடுமண் படை அது. சுமார் 8,000 வீரர்கள், 130 தேர்கள், நூற்றுக்கணக்கான குதிரைகள்.

இன்று படங்களில் எல்லாம் மண் நிறத்தில் இருக்கிறார்களே, புதைத்தபோது அப்படி இல்லை. சிவப்பு, பச்சை, ஊதா என்று சாயம் பூசித்தான் நிறுத்தியிருந்தார்கள். இரண்டாயிரம் வருட ஈரத்திலிருந்து வெளியே எடுத்ததும் காற்றுப் பட்ட சில நிமிடங்களில் அரக்குப் பூச்சு சுருண்டு உதிர்ந்துவிட்டது. கி.மு. 210 இல் இறந்த அந்த மன்னனின் கல்லறையை இன்னும் திறக்கவில்லை. உள்ளே பாதரசத்தால் ஆறுகள் ஓடவிட்டிருந்தார்கள் என்று பழைய வரலாற்றாசிரியர் சீமா சியான் எழுதிவைத்திருக்கிறார். மேட்டு மண்ணைச் சோதித்தபோது பாதரசம் வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது. தோண்ட ஆள், பணம், கருவி எல்லாம் வைத்துக்கொண்டும் தோண்டாமல் இருக்கிறார்களே, அந்த இடத்தில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

சோற்றுக் கஞ்சிச் சுவர்

சந்திரனில் இருந்து பார்த்தாலும் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். தெரியாது. 2003 இல் விண்வெளிக்குப் போன முதல் சீனர் யாங் லிவெய், பூமியைச் சுற்றிக்கொண்டே தேடியும் தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று வந்து சொன்னார். சந்திரன் அதைவிட ஆயிரம் மடங்கு தூரம்.

தெரிய வேண்டியது சுவரின் சாந்து. மிங் காலத்தில் கட்டிய பகுதிகளில் சுண்ணாம்போடு பசையரிசிக் கஞ்சியைக் கலந்திருக்கிறார்கள். அரிசியில் உள்ள அமைலோபெக்டின் என்ற மாச்சத்து, சுண்ணாம்பு இறுகும்போது படிகங்கள் கண்டபடி பெருக்காமல் நுணுக்கமாகவும் நெருக்கமாகவும் அமையச் செய்கிறது. கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்த நம் பக்கத்துப் பழைய கொத்தனார்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. வெள்ளாமைக்காரனுக்கு மட்டும் நெஞ்சு ஒரு கணம் அடைக்கும். எத்தனை மூடை அரிசி!

2012 இல் வெளியிட்ட அளவீட்டின்படி எல்லா வம்சங்களின் சுவர்களையும் கூட்டினால் 21,196 கிலோமீற்றர். அதாவது ஒரே சுவர் அல்ல, பல சுவர்கள். கூட்டம் நெரியும் பாதாலிங்கைவிட மூதியான்யூ பகுதி அமைதியானது என்று போனவர்கள் சொல்கிறார்கள்.

செங்கல்லில் ஒப்பம்

நான்ஜிங் நகர மதிலுக்குச் செங்கல் சுட்ட மாவட்டம், பொறுப்பான அதிகாரி, சூளைக்காரர், கல்லை அறுத்தவர் என்று பெயர்களைச் செங்கல்லிலேயே பதித்திருக்கிறார்கள். பதினான்காம் நூற்றாண்டு வேலை. கல் உடைந்தால் யாரைப் பிடிப்பது என்று கல்லே சொல்லும். இன்றும் சுமார் 25 கிலோமீற்றர் மதில் நிற்கிறது. மாரி காலத்தில் மாவடிப்பள்ளித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும்போதெல்லாம் எனக்கு அந்தச் செங்கல்தான் நினைவுக்கு வரும்.

வட்டவிதானைகள் கட்டாயம் பார்க்க வேண்டியது

சீனாவில் ஓர் இடம்தான் பார்க்கலாம் என்று யாராவது எனக்குச் சொன்னால், அரண்மனையை விட்டுவிட்டு சிச்சுவான் மாகாணத்து தூஜியாங்யானுக்குப் போவேன். அது ஒரு நீர்ப்பாசனத் திட்டம். கி.மு. 256 அளவில் லீ பிங் என்ற ஆளுநர் தொடங்கியது. இன்றும் அதே நீரில்தான் வயல் விளைகிறது. நம் கல்லோயாத் திட்டம் 1949 இல் தொடங்கியது, சேனாநாயக்க சமுத்திரத்தை நாம் பெரிய பழசாகப் பேசுகிறோம்.

அதிசயம், லீ பிங் அங்கே ஆற்றை மறித்து அணை கட்டவில்லை. மீனின் வாய் போலக் கூரான ஒரு கரையை ஆற்று நடுவில் போட்டு நீரை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். உள்ளாறு ஆழம், வெளியாறு அகலம். ஆற்றில் நீர் குறைந்தால் பெரும் பங்கு ஆழமான உள்ளாற்றில் இறங்கி வயலுக்குப் போகும். வெள்ளம் வந்தால் பெரும் பங்கு அகலமான வெளியாற்றில் விழுந்து போய்விடும். லீ பிங்கின் அமைப்பில் கதவில்லை, சாவியில்லை, திறக்கச் சொல்லிக் கந்தோருக்கு அலைச்சலும் இல்லை. இடையில் ஒரு தாழ்ந்த வழிந்தோடி உண்டு. சுழன்று வரும் நீர் மணலையும் கல்லையும் அதன் மேலால் தானே தூக்கி வெளியாற்றில் வீசிவிடும். மலையைக் குடைந்து வாய்க்கால் எடுத்தபோது வெடிமருந்து கிடையாது. பாறையில் தீ மூட்டிச் சூடேற்றி, மேலே தண்ணீரை ஊற்றி வெடிக்க வைத்து உடைத்தார்கள்.

தூர் வாருவதற்கும் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். ஆற்றுப் படுகைக்குள் இரும்புத் தண்டுகளைக் கிடையாகப் புதைத்திருக்கிறார்கள். மண்ணை அள்ளிக்கொண்டே போய் அந்த இரும்பு கண்ணில் பட்டால் போதும், வேலை முடிந்தது. படாவிட்டால் அள்ளியது போதாது. வாய்க்கால் துப்புரவில் எவ்வளவு அள்ளினார்கள் என்று கந்தத்துக்குக் கந்தம் சண்டை பிடிக்கும் நமக்கு இதைவிடப் பயனுள்ள சுற்றுலாத்தலம் இருக்குமா? ஏப்ரல் தொடக்கத்தில் நீர் திறக்கும் விழா நடக்கும். பெரும்போகத்து வேலை முடிந்த கையோடு போகலாம்.

தமிழ் எழுத்துள்ள துறைமுகம்

இனி சுவான்சோ. ஃபுஜியான் கரையிலுள்ள இந்த நகரத்தை அரபு மாலுமிகள் 'ஸைத்தூன்' என்றார்கள். நம் பாவாத மலைக்கு 1344 இல் ஏறிய இப்னு பதூதா, புத்தளத்தில் இறங்கிய அதே பயணத்தின் பிற்பகுதியில் சீனாவில் கால் வைத்தது இந்தத் துறையில்தான். கடதாசியைக் காசாகக் கொடுக்கும் ஊர் என்று வியந்து சொல்லியிருக்கிறார். 2021 இல் யுனெஸ்கோ இந்த நகரத்தின் 22 இடங்களை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நம்மவர்களுக்கு அங்கே வேலை நிறைய.

முதலில் ச்சிங்ஜிங் பள்ளிவாசல். ஹிஜ்ரி 400, அதாவது 1009 அளவில் கட்டியது. சிஆன் பள்ளி போலல்லாமல் இது அப்படியே அரபு நாட்டுக் கல் வளைவு. தொழுகை மண்டபத்தின் கூரை எப்போதோ விழுந்து போய்விட, சுவர்கள் வானத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. ஊருக்கு வெளியே லிங்ஷான் குன்றில் பழைய ஸியாரங்கள் இரண்டு இருக்கின்றன. கடற்படைத் தளபதி ஜெங் ஹே 1417 இல் அங்கே வந்து போனதைச் சொல்லும் கல்லும் பக்கத்தில் உண்டு.

அடுத்து ஓர் ஆச்சரியம். இந்த ஊரில் ஒரு தமிழ்க் கல்வெட்டைக் கண்டெடுத்தார்கள், சீனாவில்! 1281 ஏப்ரல் மாதம், சக ஆண்டு 1203, சித்திரை. சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர், மங்கோலியக் கானின் நலனுக்காக, கானின் பர்மானோடு சிவன் கோயில் ஒன்றை எழுப்பியதாக அது சொல்கிறது. 'பர்மான்' என்ற பாரசீகச் சொல், தமிழ் எழுத்தில், சீனத் துறைமுகத்தில். அந்தக் கோயில் இன்று இல்லை. அதன் கற்கள் ஊரெல்லாம் சிதறிக் கிடக்கின்றன. கையுவான் பௌத்த விகாரையின் பின் தாழ்வாரத்துத் தூண்கள் இரண்டில் நரசிம்மரும் கண்ணனும் இருக்கிறார்கள். விகாரை மேடையின் அடியில் சிங்க உடலும் மனித முகமுமாக வரிசைச் சிற்பங்கள். தமிழ் வியாபாரி போய்விட்டார், அவர் கட்டிய கல்லைப் பௌத்தர்கள் தூக்கித் தங்கள் விகாரையில் வைத்துக்கொண்டார்கள்.

பதிலுக்கு இந்தப் பக்கமும் ஒன்று நடந்திருக்கிறது. 1267 இல் சீனர் எழுத்துப் பொறித்துக் கட்டிய செங்கல் கோபுரம் ஒன்றைப் பற்றிப் பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான் எழுதியிருக்கிறார். அது நின்ற இடம் நாகப்பட்டினம் என்பது அறிஞர்கள் கருத்து. 'சீனக் கோபுரம்' என்று மக்கள் அழைத்த பழைய கோபுரம் ஒன்றை அங்கே 1867 இல் இடித்துவிட்டார்கள்.

இன்னும் ஒன்று. சுவான்சோவில் 'ஷி' என்ற குடும்பப் பெயரோடு ஒரு வம்சம் உண்டு. 1459 இல் இலங்கையிலிருந்து சீன அரசவைக்குப் போய், திரும்பி வர முடியாமல் அங்கேயே தங்கிவிட்ட இளவரசர் ஒருவரின் வழி என்று சொல்கிறார்கள். அவர்களுடைய கல்லறைகளை 1990களில் நகரத்துக்கு வெளியே குன்றடியில் கண்டுபிடித்தார்கள். ஊருக்குப் போக முடியாமல் நின்றுபோனவர்களின் கதை இலங்கையருக்கு எந்த நூற்றாண்டிலும் பழசாவதில்லை.

ஒரு விசிறி

அந்தக் கதைக்கு மறுபக்கமும் இருக்கிறது. 399 இல் சீனாவை விட்டுப் புறப்பட்ட பாஹியான் என்ற பிக்கு, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரத்தில் இரண்டு வருடம் தங்கியிருந்தார். கூட வந்தவர்களில் சிலர் இறந்தார்கள், சிலர் வழியில் நின்றுவிட்டார்கள். ஒருநாள் அபயகிரி விகாரையில் புத்தர் சிலைக்கு முன்னால் யாரோ வியாபாரி காணிக்கையாக வைத்த விசிறியைக் கண்டார். வெள்ளைப் பட்டு, சீனத்து வேலை. கண்ணீர் தானாக வழிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

லுஹர் மூன்று மணிக்கு

சீனா முழுவதற்கும் ஒரே மணிக்கூடு, பெய்ஜிங் நேரம். நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. மேற்குக் கோடியில் கஷ்கர் நகரம் இருக்கிறது, 1442 இல் தொடங்கிய ஈத்காஹ் பள்ளி உள்ள ஊர். படத்தை விரித்துப் பாருங்கள், அது கல்முனைக்கும் மேற்கே கிடக்கும். சூரியன் நமக்கு உச்சிக்கு வந்த பிறகுதான் அவர்களுக்கு வரும். மணிக்கூட்டில் அப்போது பிற்பகல் மூன்று மணி அளவில் இருக்கும். உள்ளூர் மக்கள் தங்கள் பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் பிந்திய இன்னொரு நேரத்தையும் வைத்துப் புழங்குகிறார்கள்.

கடவுச்சீட்டைக் கையில் வையுங்கள்

பெய்ஜிங்கின் தடைசெய்யப்பட்ட நகரம் 1420 இல் முடிந்தது, 24 பேரரசர்கள் இருந்த அரண்மனை. அறைகள் 9,999 அரை என்பது கதை. சொர்க்கத்து அரண்மனையில் பத்தாயிரம் என்பதால் மரியாதைக்கு அரை குறைத்தார்களாம். எண்ணிப் பார்த்தால் 8,700 சொச்சம். வாசலில் போய் நின்றால் டிக்கெட் கிடைக்காது. கடவுச்சீட்டு இலக்கத்தைக் கொடுத்து முன்கூட்டியே பதிய வேண்டும். திங்கட்கிழமை வழக்கமாகப் பூட்டு. ஒக்டோபர் முதல் வாரத்தில் நாடே விடுமுறையில் கிளம்பிவிடும், அந்த வாரம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மூன்று மொழிக் கல்

ஜெங் ஹே, யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் 1371 இல் பிறந்தவர். தகப்பனும் பாட்டனும் ஹாஜிமார். 1405 முதல் 1433 வரை ஏழு பெருங்கடற்பயணங்கள். நான்ஜிங் நியூஷோ மலையடிவாரத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. ஏழு பயணங்களுக்கு அடையாளமாக ஏழேழு படிகள், மேலே அரபு எழுத்து. கடலில் இறந்ததால் உள்ளே உடல் இல்லை என்று சொல்பவர்கள் அதிகம்.

அவர் இலங்கையிலும் ஒரு கல்லை விட்டுப் போனார். நான்ஜிங்கில் செதுக்கிக் கப்பலில் ஏற்றிவந்தது, 1409 பெப்ரவரித் தேதியிட்டது. சீன மொழியில் புத்தருக்கு, தமிழில் தெவிநுவரையில் கோயில் கொண்ட தேனவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயரால். மூன்று பேருக்கும் ஏறக்குறைய ஒரே காணிக்கைப் பட்டியல்: ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய். ஆனால் இதே ஜெங் ஹே கம்பளைப் பக்கத்து அரசன் அழகக்கோனாரைப் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனதும் நடந்தது. காணிக்கையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது நியாயமில்லை.

அந்தக் கல்லை 1911 இல் காலியில் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தபோது அது ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. இப்போது கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. மச்சானிடம் சொன்னேன், "கட்டுநாயக்காவுக்குப் போக முந்தி ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும், விசாவும் வேண்டாம்." கொஞ்சம் யோசித்தார்.

"அந்தக் காலத்திலயே கப்பலில கல்லு ஏத்தி அனுப்பிரிக்கான். எத்தின கிலோ வரும் மச்சான் அது?"